நானுஓயா குளிரில் தடுமாறும் எஞ்சின்: வெக்கியூம் லீக்கா, எஞ்சின் வேலையா?

நானுஓயா121 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இந்தக் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

2003 கொரோலா 121, 1500 சிசி பெற்றோல், ஓட்டோ கியர். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஐட்லிங் ஓரிடத்தில் நிற்பதில்லை. 600க்கு இறங்கும், 1100க்கு ஏறும், மறுபடி இறங்கும். மேடேறி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் ஓடிச் சூடாகிவிட்டால் பாதி சரியாகிவிடும். கியரில் போட்டபடி பிரேக்கில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங் வரைக்கும் நடுங்கும். செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேன் பண்ணினால் பி0171. கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்கிற கோட்.

டவுனில் ஒரு கராஜில் விட்டேன். ப்ளக் நான்கும் மாற்றினார்கள். அப்புறம் ஒட்சிசன் சென்சர் மாற்றினார்கள். இரண்டு நாள் லைட் எரியவில்லை, மூன்றாம் நாள் எரிந்தது. போன கிழமை வெக்கியூம் கேஜ் மாட்டிப் பார்த்தார்கள். 14 அங்குலம் காட்டியது. "பதினெட்டுக்கு மேல இருக்கணும், பிஸ்டன் ரிங் போயிருக்கு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார்கள். எனக்கு எஞ்சின் ஒயில் குறையவில்லை. சைலன்சரில் புகை இல்லை. மேட்டில் நன்றாகவே இழுக்கிறது. எஞ்சின் இறக்கும் அளவுக்குக் கையில் காசும் இல்லை. உண்மையிலேயே எஞ்சின் போய்விட்டதா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, எஞ்சினை இறக்க விடாதீர்கள். முதலில் அந்த 14ஐப் பற்றிப் பேசுவோம். நம் பக்கத்தில் நல்ல எஞ்சின்கள் பல அநியாயமாகக் கழற்றப்படுவது இந்த ஒரு நம்பரால்தான்.

வெக்கியூம் கேஜ் காட்டுவது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கும், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற மேனிஃபோல்டுக்குள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கொழும்பில் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 30 அங்குலம். நானுஓயா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். அடியில் சொன்னால் 5,200க்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அப்படியானால் கொழும்பில் 19 காட்டுகிற நல்ல எஞ்சின் உங்கள் வாசலில் 14தான் காட்டும். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், அங்கே 13. புத்தகங்களில் 17 முதல் 22 வரை என்று போட்டிருப்பது கடற்கரைக் கணக்கு. கேஜ் பொய் சொல்லவில்லை. அதை வாசித்தவர் எந்த ஊரில் நின்று வாசிக்கிறார் என்பதை மறந்துவிட்டார்.

நான் ஹட்டனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். என் கேஜின் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிற கார்கள் வரும்போதெல்லாம் மாட்டிப் பார்த்து, ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு அது. மலையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் அப்படி ஒன்று போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ரிங் போய்விட்டது என்றால் கம்ப்ரெஷன் எடுத்து நான்கு சிலிண்டரின் நம்பரையும் காட்டச் சொல்லுங்கள். அதிலும் உயரத்தால் எல்லா நம்பரும் கொஞ்சம் இறங்கித்தான் வரும். நான்கும் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் என்று ஷோர்ட், லோங் இரண்டு இருக்கும். எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிஷம் பிடித்து மறுபடி எழுதுங்கள். ஏர்ஃப்ளோ சென்சர் காட்டும் கிராம் கணக்கும் வேண்டும்.

பதுளைப் பையன் எழுதியது:

கராஜுக்குப் போகத் தேவையில்லை அண்ணே. ஃபோனோடு இணைகிற சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் அடாப்டர் ஒன்று போதும். ஆனால் ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பழைய கார்கள் சில, மலிவான அடாப்டரோடு பேசாது. யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

நானுஓயா121 எழுதியது:

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அடாப்டர் இருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எடுத்தது:

ஐட்லிங்: ஷோர்ட் கூட்டல் 5, லோங் கூட்டல் 20. ஏர்ஃப்ளோ விநாடிக்கு 1.9 கிராம்.
2500 ஆர்பிஎம்: ஷோர்ட் கூட்டல் 1, லோங் கூட்டல் 6. ஏர்ஃப்ளோ 7.5 கிராம்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

லீக்தான். எஞ்சின் போகவில்லை. காரணத்தைத் தம்பி பதுளை சொல்லட்டும், அவர் கணக்கு நன்றாகப் போடுவார்.

பதுளைப் பையன் எழுதியது:

சொல்கிறேன். ஏர்ஃப்ளோ சென்சர் இருப்பது எயார் ஃபில்டர் பெட்டிப் பக்கத்தில். எஞ்சினுக்குள் போகிற காற்றெல்லாம் அந்த வாசலால் போகிறது என்று நம்பித்தான் ஈசியு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், பெற்றோலை அளந்து விடுகிறது. 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெற்றோல். சென்சருக்கு அப்பால் எங்கேயாவது ஓட்டை இருந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது. ஒட்சிசன் சென்சர் சைலன்சர் பக்கத்திலிருந்து "காற்று கூட இருக்கு" என்று சொல்லும். ஈசியு பெற்றோலைக் கூட்டும். அந்தக் கூட்டல்தான் ட்ரிம்.

இப்போது அண்ணனுடைய நம்பரைப் பாருங்கள். ஐட்லிங்கில் 25 கூட்டியிருக்கிறது. 1.9 கிராமில் 25 சதவீதம் என்றால் ஏறக்குறைய அரைக் கிராம். களவாகப் போகிற காற்று விநாடிக்கு அரைக் கிராம் என்று வைத்துக்கொள்வோம். 2500இல் சுமை இல்லாமல் ஓடும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் ஓட்டையால் வருவதும் அதே அரைக் கிராம்தான். ஆனால் வாசலால் போவது 7.5. அரையை 7.5ஆல் வகுத்தால் 7 சதவீதம். அண்ணனுக்கு வந்தது 6உம் 1உம், 7. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை!

மேட்டில் நன்றாக இழுக்கிறது என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சலே இல்லை, ஓட்டை இருந்தும் இல்லாத மாதிரி.

காலையில் மோசமாக இருப்பதற்கும் பதில் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணியவுடன் ஒட்சிசன் சென்சர் சூடாகியிருக்காது. அது சூடாகும் வரை ஈசியு திருத்தம் செய்யாது, அதனால் எஞ்சின் தடுமாறும். நம் குளிருக்கு ரப்பரும் இறுகிச் சுருங்கியிருக்கும், வாய் பெரிதாகத் திறக்கும்.

ஹப்புத்தளை ஆல்டோ எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் சின்னக் காரில் ஐட்லிங் 1400க்குக் குறையவே மாட்டேன் என்கிறது. ஆனால் ட்ரிம் சாதாரணமாக இருக்கிறது, கோட் எதுவும் இல்லை. இதுவும் லீக்காக இருக்குமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

இருக்கும். உங்கள் காரில் ஏர்ஃப்ளோ சென்சருக்குப் பதிலாக மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மெப் சென்சர் இருக்கலாம். எயார் பெட்டியிலிருந்து வரும் குழாயில் சென்சர் எதுவும் இல்லை என்றால் அதுதான். அது காற்று எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. அழுத்தம் கூடினால் காற்று கூடியதாக எடுத்துக்கொண்டு பெற்றோலையும் கூட்டிவிடும். அதனால் கலவை கெடாது, ஆர்பிஎம் ஏறி நிற்கும். தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தலவாக்கலை வேன் எழுதியது:

எல்லாரும் ட்ரிம் பேசுகிறீர்கள். நான் பிரேக்கைப் பேசுகிறேன். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் இந்தப் பாதையில் போகிறவன் நான், அதனால் சொல்லாமல் இருக்க முடியாது.

நம் மிதிக்குப் பலம் சேர்க்கிற பிரேக் பூஸ்டர் வேலை செய்வதே மேனிஃபோல்டின் வெக்கியூமில்தான். லீக் பூஸ்டர் ஹோஸிலோ பூஸ்டரிலோ இருந்தால் ஐட்லிங் ஆட்டம் ஒரு பக்கம், பிரேக் கல் மாதிரி இறுகுவது இன்னொரு பக்கம். நான்கு வருஷத்துக்கு முன் ரம்பொடை இறக்கத்தில் எனக்கு அது நடந்தது. நல்லவேளை, பிள்ளைகள் இல்லை. மிதிக்கிறேன், மிதி இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, மண் கரையில் உரசி நிறுத்தினேன். அப்புறம் பார்த்தால் ஹோஸ் மேனிஃபோல்டில் சேரும் இடத்தில் ரப்பர் உப்பி, கிளிப்புக்குள்ளேயே கிழிந்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஐட்லிங் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்பேனர் அண்ணன் சொன்ன கணக்கை இதிலும் போடுங்கள். கடற்கரையில் 19 கிடைக்கிற பூஸ்டருக்கு நம் ஊரில் 14தான் கிடைக்கிறது. உதவி ஏற்கெனவே குறைவு. அதிலும் லீக் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வருகிற தம்பிமார் கொஞ்சம் கேளுங்கள். பூஸ்டரில் சேர்ந்திருக்கிற வெக்கியூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்.

நானுஓயா தம்பி, நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிரேக்கை மெதுவாக மூன்று தரம் மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகப் போய், அடுத்தது மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே நின்றால் பூஸ்டர் வெக்கியூமைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்புறம் நிறுத்திய எஞ்சினோடு நாலைந்து தரம் மிதித்து இறுகியதும், காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரை வீட்டிலேயே வைத்திருங்கள்.

நானுஓயா121 எழுதியது:

அண்ணே, படித்தவுடன் போய்ப் பார்த்தேன். முதல் மிதி ஆழம், இரண்டாவது மேலே, மூன்றாவது இன்னும் மேலே. ஸ்டார்ட் பண்ணும்போது கால் கீழே இறங்கியது. பூஸ்டர் நன்றாக இருக்கிறது. மிக்க நன்றி, இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இனி எங்கே தேடுவது? கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

அடிக்க வேண்டாம். அது பெற்றோல் மாதிரிப் பற்றும். சூடான எக்ஸோஸ்ட் மேலே பட்டுப் புகைந்ததை நானே பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் தனியாகச் செய்கிற வேலை இல்லை அது.

முதலில் கண்ணும் கையும். எயார் பெட்டியிலிருந்து திரொட்டில் வரை வருகிற கறுப்பு ரப்பர் குழாயை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். நிற்கும்போது மூடியிருந்து, கியர் போட்டு எஞ்சின் அசையும்போது திறக்கிற வெடிப்பு அதில்தான் ஒளிந்திருக்கும். அடுத்தது எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கிற பிசிவி ஹோஸ், அது வளைகிற இடத்தின் அடிப்பக்கம். ஒயில் ஆவி பட்டுப் பட்டு முதலில் ஊறி, அப்புறம் இறுகி வெடிக்கும். ஒயில் மூடி, டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம் இதெல்லாம் சின்னது என்று விடாதீர்கள். பிசிவி வழியாக அங்கிருந்தும் காற்று வரும். பெற்றோல் டாங்கின் ஆவியை இழுக்கிற பேர்ஜ் வால்வ் மூடாமல் நின்றாலும் இதே கதை. அதன் ஹோஸைப் பிடுங்கி விரலை வையுங்கள், சூடான எஞ்சின் ஐட்லிங்கில் விடாமல் உறிஞ்சினால் வால்வ் திறந்தபடி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பக்கம் கார் நிறுத்துகிறவர்கள் எலி கடித்த இடத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் சூடான எஞ்சினுக்கு மேலே வந்து படுத்துக்கொள்ளும்.

கண்ணுக்குப் படாவிட்டால் ஒரு ஸ்ப்ரே போத்தலில் வெறும் தண்ணீர். சந்தேகமான மூட்டில் ஒரு தரம் அடியுங்கள், வயரிங்கில் படாமல். தண்ணீர் ஒரு கணம் ஓட்டையை அடைக்கும். காதால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், ஈசியு ஐட்லிங்கைத் தானே சரிக்கட்டிவிடும். ஃபோனில் ஷோர்ட் ட்ரிம்மைப் பாருங்கள். அது சட்டென்று இறங்கினால் இடம் அதுதான்.

நானுஓயா121 எழுதியது:

ஒன்று பிடித்துவிட்டேன்!

பிசிவி ஹோஸ்தான். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. மகளுடைய சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் விட்டு டோர்ச் அடித்தேன். வளைவின் உட்பக்கம் கோடு கோடாக இருந்தது. விரலால் நெரித்தால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. நகம் ஒன்று உள்ளே போகிற அளவு. உள்ளே ஒயில் பசை, விளிம்பு பிளாஸ்டிக் மாதிரிக் காய்ந்துவிட்டது. 20 வருஷ ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. கொழும்பில் கார் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வேலை செய்யும் மச்சான் புதுசு ஒன்று பஸ்ஸில் அனுப்பினார்.

மாட்டிவிட்டு எடுத்த நம்பர்: ஐட்லிங்கில் மொத்தம் 13. அதாவது பாதிதான் போயிருக்கிறது. பகலில் காரில் எந்தக் குறையும் தெரியவில்லை. காலையில் மட்டும் இன்னும் தடுமாறுகிறது. தண்ணீர் அடித்துப் பார்த்தேன், எங்கேயும் ட்ரிம் அசையவில்லை.

ஒரு யோசனை. வீட்டில் சாம்பிராணிக் கரண்டி இருக்கிறது. அந்தப் புகையை உள்ளே ஊதிப் பார்க்கலாமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

புகைதான் சரியான வழி, சாம்பிராணி வேண்டாம். தணலைப் பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அந்தப் பிசின் திரொட்டிலிலும் சென்சரிலும் ஒட்டிக்கொண்டால் அது வேறு வேலை.

என்னிடம் ஒரு டின் இருக்கிறது. பழைய பெயின்ட் டின்னில் டீசல் வேனின் குளோ ப்ளக் ஒன்றைப் பொருத்தி, பேபி ஒயிலில் நனைத்த பஞ்சுத் திரியை அதில் சுற்றியிருக்கிறேன். மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்ப் அதை மெதுவாகத் தள்ளும். மெதுவாக என்பதுதான் முக்கியம். ஒரு பிஎஸ்ஐக்குக் கீழே. கம்ப்ரெசரைப் பிடித்தால் நல்ல சீலும் பிய்ந்துவிடும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், டின்னும் பற்றரியும் எஞ்சினிலிருந்து எட்டி இருக்க வேண்டும், பெற்றோல் வாடை அடித்தால் தொடவே கூடாது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். பகல் சூட்டில் செய்தீர்கள், அதனால்தான் தண்ணீருக்கு அது சிக்கவில்லை. காலையில் திறந்து சூட்டில் மூடுகிற இடம் என்றால் மேனிஃபோல்ட் பெக்கிங், அதாவது கேஸ்கட் மேல்தான் என் சந்தேகம்.

தலவாக்கலை வேன் எழுதியது:

வெள்ளிக்கிழமை ஹட்டன் போகிறேன். டின்னை நான் ஏற்றி வந்து நானுஓயாவில் இறக்கிவிடுகிறேன்.

நானுஓயா121 எழுதியது:

நேற்று காலை ஆறு மணி. நல்ல மூடுபனி, கார் மேலெல்லாம் ஈரம். பூஸ்டர் ஹோஸை மேனிஃபோல்ட் பக்கத்தில் கழற்றி அந்த வாயில் டின்னின் குழாயைச் சொருகினோம். எயார் பெட்டி வாயை ரப்பர் கையுறையால் கட்டினேன். பம்பைப் போட்டதும் இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. பனியையும் புகையையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. மனைவி டோர்ச்சைக் கீழே சாய்த்துப் பிடித்தாள். அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற குழாய் ஹெட்டில் சேரும் இடத்துக்கு அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. மேலே வந்து வளைந்து, நின்று, மறுபடி வந்தது. மற்ற மூன்றிலும் இல்லை.

அன்றைக்கே மேனிஃபோல்டைக் கழற்றினோம். ரப்பர் கேஸ்கட் பள்ளத்தோடு பள்ளமாகத் தட்டையாகிக் கிடந்தது. புதுசை அதன் பக்கத்தில் வைத்தால் உயரமே வேறு. போட்டு, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அந்தப் பி0171ஐ ஸ்கேனரில் அழித்துவிட்டு, ட்ரிம் புதிதாகப் பழகட்டும் என்று இரண்டு நாள் ஓட்டினேன்.

இன்றைய நம்பர்: ஐட்லிங்கில் மொத்தம் 2. 2500இல் 1. ஏர்ஃப்ளோ 2.4 கிராம். காணாமல் போன அரைக் கிராம் இப்போது வாசலால் வருகிறது! காலையில் ஸ்டார்ட் பண்ணினேன், 1400க்குப் போய்ச் சூடாகச் சூடாக ஒழுங்காக இறங்கி 700இல் நின்றது. கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெக்கியூம் கேஜையும் கடன் வாங்கி மாட்டினேன். 14½. இறக்கச் சொன்ன அதே எஞ்சின்தான். கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பதுளைப் பையன் எழுதியது:

1.9உம் அரையும் 2.4! அண்ணே, இதை எங்கள் வகுப்பில் காட்டப்போகிறேன்.

பண்டாரவளை வாகன் எழுதியது:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கும் பி0171தான், ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள கார். ஐட்லிங்கில் கூட்டல் 2. ஆனால் எல்ல ஊர்ப் பக்கம் மேடு ஏறும்போது கூட்டல் 18 வரை போகிறது. டின்னை நான் வந்து எடுத்துக்கொள்ளட்டுமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

உங்களுக்கு டின் வேண்டாம். வெக்கியூம் லீக் ஐட்லிங்கில் பெரிதாகவும் மேட்டில் சிறிதாகவும் இருக்கும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. ஏர்ஃப்ளோ சென்சரின் கம்பியில் தூசு படிந்து குறைத்துச் சொல்கிறது, அல்லது மேட்டில் கேட்கிற அளவுக்குப் பெற்றோல் வரவில்லை. முதலில் சென்சரைக் கழற்றி அதற்கென்றே விற்கிற கிளீனரை அடியுங்கள், கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அதே மேட்டில் மறுபடி ட்ரிம் எடுங்கள். 18 குறையாவிட்டால் பெற்றோல் பிரஷர் பார்க்க வேண்டும். நம்பரோடு வாருங்கள், பேசுவோம்.

தம்பி ஹப்புத்தளை, டின் நானுஓயாவில்தான் இருக்கிறது. அடுத்தது உங்கள் முறை. ராத்திரி முழுக்கக் கார் ஆறட்டும்.